பச்சைப் பலகையும் பின்னால் வரும் ஹெட்லைட்டும்

இந்தியாவில் மின்சார வண்டிகளுக்குப் பச்சை நிற நம்பர் பிளேட் என்று 2018 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. சொந்த வண்டி என்றால் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், மலேசியாவும் மின்சார வண்டிகளுக்குத் தனிப் பலகை கொண்டுவந்தது. அங்கே வந்தது வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. இரண்டு அரசுகளும் விரும்பியது ஒன்றைத்தான்: ஆயிரம் வண்டிகளுக்கு நடுவே மின்சார வண்டி பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். இந்தியச் சாலையில் வெள்ளைப் பலகைதான் அதிகம் என்பதால் மாற்றம் அடர்நிறத்துக்குப் போனது. மலேசியாவில் காலங்காலமாகக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்பதால் மாற்றம் வெள்ளைக்கு வந்தது.

கூட்டத்தில் வண்டி தனித்துத் தெரிவது ஒரு விஷயம். ராத்திரி பத்து மணிக்கு, இடித்துவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் எண்ணை ஒருவர் படித்துச் சொல்ல முடிவது வேறு விஷயம். இரண்டாவது விஷயத்தில் பலகையின் நிறம் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனால், நிறத்தைவிட முக்கியமான ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. பலகையின் எந்தப் பகுதி, எந்த வெளிச்சத்தை, எந்தப் பக்கம் திருப்பி அனுப்புகிறது என்பதே அது.

முதலில், அடர்நிறப் பலகை ஏதோ புதிய மோஸ்தர் இல்லை. நம்பர் பிளேட்டின் வரலாறே அதில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1903-ல் கொடுத்த பலகைகள் இரும்புத் தகட்டில் பீங்கான் எனாமல் பூசியவை. நீலப் பின்னணி, வெள்ளை எண்கள். பிரிட்டனில் 1904 ஜனவரி 1 முதல் எண் கட்டாயமானபோது கறுப்பில் வெள்ளை எழுத்துதான் விதி. நெதர்லாந்தில் கருநீலத்தில் வெள்ளை. தமிழ்நாட்டில் ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் நினைவிருக்கும்: அம்பாசடரும் பியட்டும் பிரீமியர் பத்மினியும் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தோடுதான் ஓடின. லாரிக்கும் டாக்சிக்கும் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. 2000-களின் தொடக்கத்தில்தான் இது தலைகீழானது. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை வந்தது, வாடகை வண்டிக்கு மஞ்சள் வந்தது.

அந்தக் கறுப்புப் பலகைகளைப் போலீஸ்காரர்கள் படிக்கத்தான் செய்தார்கள். பகலில் அதில் பெரிய குறை எதுவும் இல்லை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒன்றேதான்.

ஆனால் கண்ணுக்கு அது ஒன்றேயாகப் படுவதில்லை. இருண்ட பின்னணியில் இருக்கும் வெளிச்சமான வடிவம் தன் உண்மையான அளவைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். வெறுங்கண்ணுக்குக் கோள்கள் பெருத்துத் தெரிவதையும், தொலைநோக்கியில் பார்த்தால் அந்தப் பெருக்கம் அடங்கிப்போவதையும் கலீலியோ கவனித்தார். கண்ணின் லென்ஸ் ஒளியைச் சிதறடிப்பது ஒரு காரணம். 2014-ல் நியூயார்க்கில் யென்ஸ் க்ரெம்கோவும் ஹோசே மனுவேல் அலோன்சோவும் அவர்களது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது. வெளிச்சத்துக்கு மறுமொழி தரும் நரம்பணுக்கள், இருட்டுக்கு மறுமொழி தரும் நரம்பணுக்களைவிடச் சீக்கிரமே தங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே முழுக்குரலில் கத்திவிடும் அணுக்கள் அவை. அதனால் வெள்ளை வடிவத்தின் மங்கலான ஓரம்கூட முழு வெள்ளையாகவே பதிவாகிறது, வடிவம் உப்பிவிடுகிறது. கறுப்பு வடிவத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

எழுத்து உப்பினால் என்ன ஆகும்? 8-இன் இரண்டு வயிறுகளும் அடைபடும். 3-க்கும் 8-க்கும், பி-க்கும் 8-க்கும் இடையிலுள்ள சின்னச் சந்து மூடிக்கொள்ளும். இதை அறிந்துதான் அடர்நிறத்தில் வெள்ளை எழுத்து போடும்போது கோட்டை மெலிதாக்கு என்று வடிவமைப்புக் கையேடுகள் சொல்கின்றன. வெள்ளையில் கறுப்பு எழுத்தென்றால் கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறிலொன்றிலிருந்து எட்டிலொன்று வரை இருக்கலாம். கறுப்பில் வெள்ளை என்றால் எட்டிலொன்றிலிருந்து பத்திலொன்று.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகளை இதோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10. ஏறக்குறைய ஆறரையில் ஒரு பங்கு. வெள்ளைப் பலகைக்கு மிகப் பொருத்தம். மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் எழுத்துக்கு உயரம் 35, தடிமன் 7, எழுத்துகளுக்கு இடைவெளி 5. அதாவது ஐந்தில் ஒரு பங்கு தடிமன். கறுப்பு எழுத்துக்கே இது கொஞ்சம் பருமன்தான். பச்சைப் பலகை வந்தபோது நிறம் மாறியதே தவிர இந்த அளவுகள் மாறவில்லை. மின்சார வண்டி என்றால் இந்தியாவில் பெரும்பாலும் ஸ்கூட்டர். மிகச் சிறிய பலகை, மிகத் தடித்த கோடு, உப்பித் தெரியும் நிறச்சேர்க்கை, மூன்றும் அந்த ஸ்கூட்டரின் பின்னால் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன.

எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக் கொடுக்கும் பார்வைக்கு, ஆறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் உயர எழுத்துதான் எல்லை. அதை நீட்டினால் காரின் 65 மில்லிமீட்டர் எழுத்து சுமார் 45 மீட்டரிலும், ஸ்கூட்டரின் 35 மில்லிமீட்டர் எழுத்து 24 மீட்டரிலும் கண்ணின் எல்லையைத் தொடும். இது நின்று நிதானமாக, நல்ல வெளிச்சத்தில், கூர்மையான பார்வை உள்ளவர் படிக்கும் தூரம். பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவரை முதலில் 20 மீட்டருக்கு அப்பால் நிற்கும் வண்டியின் எண்ணைப் படிக்கச் சொல்கிறார்கள். அங்கே எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர். அந்தத் தேர்வை நம் ஸ்கூட்டர் பலகையை வைத்து நடத்தினால் சில பேர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இதெல்லாம் பகல் கணக்கு. கதை திரும்புவது ராத்திரியில்.

பிரிட்டன் 1968-ல் ஒளியைத் திருப்பியனுப்பும் பலகைகளை அனுமதித்தது. 1973 ஜனவரி 1 முதல் புது வண்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், இரண்டிலும் கறுப்பு எழுத்து. நெதர்லாந்து 1978-ல் கருநீலத்தை விட்டு மஞ்சளுக்கு வந்தது. இந்த நாடுகள் பலகையின் முகத்தை வெளிறச் செய்ததற்கு ஒளி திருப்பும் படலம் முக்கியக் காரணம்.

சாதாரண வெள்ளைச் சுவர்மேல் டார்ச் அடித்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். அடித்தவர் கண்ணுக்கு அதில் மிகச் சிறு பங்குதான் வந்து சேரும். ஒளி திருப்பும் படலம் அப்படிச் சிதறவிடாது. அதனுள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ குட்டிக் குட்டிப் பட்டகங்களோ பதிந்திருக்கும். மணிக்குள் நுழையும் ஒளி முன்பக்கத்தில் வளைந்து, பின்பக்கத்தில் மோதி, மறுபடி வளைந்து, வந்த வழியிலேயே வெளியேறும். வெளிச்சம் எந்த ஹெட்லைட்டிலிருந்து வந்ததோ அதன் பக்கத்திலேயே திரும்பிப் போய் விழும். ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குப் பலகை விளக்குப் போட்டதுபோல் ஜொலிக்கும்.

எவ்வளவு ஜொலிக்கும் என்பதை அளக்க ஓர் அலகு இருக்கிறது: பலகையில் விழும் ஒவ்வொரு லக்ஸ் வெளிச்சத்துக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு எத்தனை கேண்டலா திருப்பித் தருகிறது என்பது. சாலைப் பலகைகளுக்கான சாதாரண ரகப் படலத்துக்கு அமெரிக்கத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச எண்கள், 0.2 பாகைக் கோணத்தில், இவை: வெள்ளைக்கு 70, மஞ்சளுக்கு 50, சிவப்புக்கு 14, பச்சைக்கு 9, நீலத்துக்கு 4. நிறம் அடர்த்தியாக ஆக, உள்ளே போன வெளிச்சத்தைச் சாயம் விழுங்கிவிடுகிறது. பச்சைப் படலம் வெள்ளையில் ஏழிலொரு பங்குகூடத் தேறுவதில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானோர், பச்சை மங்கல், அதனால்தான் படிக்க முடியவில்லை என்று முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. சிக்கல் பச்சையிடம் குறைவு. அதன்மேல் இருக்கும் வெள்ளை எழுத்திடம் அதிகம்.

எழுத்து வெறும் வெள்ளை மையாகவோ, சூடேற்றி ஒட்டிய வெள்ளைப் படலமாகவோ இருக்கிறது, அதில் கண்ணாடி மணி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உலகின் மிகச் சிறந்த வெள்ளைப் பெயின்ட்கூட வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. மேலே சொன்ன அலகில் அது எட்டக்கூடிய உச்சமே 0.3 சொச்சம்தான். பச்சைப் பின்னணிக்கு 9. ஆக, ஹெட்லைட் வெளிச்சத்தில் பச்சைப் பலகை, தன்மேல் இருக்கும் தூய வெள்ளை எழுத்தைவிட முப்பது மடங்கு பிரகாசமாகத் தெரியும்! பகலில் பச்சையில் வெள்ளையாக இருந்தது, ராத்திரி ஹெட்லைட்டில் ஒளிரும் பச்சையில் கறுப்பாகிவிடும். எழுத்து கட்சி மாறிவிடுகிறது.

கட்சி மாறினாலும் படிக்க முடிகிறதே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முழுசாக மாறினால் நஷ்டமில்லை. மாறும் வழியில் ஒரு நடுப்புள்ளியைக் கடந்தாக வேண்டும். பின்பக்கப் பலகையின்மேல் ஒரு வெள்ளை விளக்கு எரிய வேண்டும், எண் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்று இந்திய விதி சொல்கிறது. அந்தக் குட்டி விளக்கு பக்கவாட்டிலிருந்து அடிப்பது. கண்ணாடி மணிகள் அதன் ஒளியை அந்த விளக்குக்கே திருப்பி அனுப்பிவிடும், பின்னால் வருபவர் கண்ணுக்கு அந்த ஜொலிப்பு வராது. ஆகவே விளக்கு வெளிச்சத்தில் பலகை பகலில் போலவே பச்சையில் வெள்ளையாகத் தெரியும். பின்னாலிருந்து ஒரு காரின் ஹெட்லைட் மெல்ல நெருங்குகிறது. விளக்கு எழுத்தைப் பிரகாசமாக்குகிறது, ஹெட்லைட் பின்னணியைப் பிரகாசமாக்குகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகும். அப்போது எழுத்தும் பின்னணியும் ஒரே வெளிச்ச அளவில் நிற்கும். நிற வேறுபாடு மட்டுமே மிஞ்சும். இரவில் நம் கண் நுண்ணிய வடிவங்களைப் பிரித்தறிய நம்பியிருப்பது வெளிச்ச வேறுபாட்டைத்தான், நிற வேறுபாட்டை அல்ல. எண் கரைந்து போகும்.

அந்தச் சமநிலைக்கு ஹெட்லைட் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று மேலே உள்ள எண்களை வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், பலகை விளக்கு தரும் வெளிச்சத்தில் முப்பதில் ஒரு பங்கு போதும். இது 0.2 பாகை என்ற குறுகிய கோணத்துக்கான கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி நெருங்க நெருங்க, ஹெட்லைட்டுக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கும் இடையிலான கோணம் அகலும். படலம் கண்ணுக்குத் தரும் ஒளி பல மடங்கு சரியும். அதனால் ஓட்டுநருக்கு இந்த விளைவு கொஞ்சம் தணிந்துதான் தெரியும், சமநிலை வேறொரு தூரத்தில் வரும். கோணம் கடைசிவரை குறுகலாகவே இருப்பது கேமராவுக்கு. அதற்குப் பிறகு வருவோம்.

வெள்ளைப் பலகையின் உண்மையான பலம் இப்போது தெளிவாகும். அதில் கறுப்பு எழுத்து எந்த வெளிச்சத்தையும் திருப்பித் தருவதில்லை. வெள்ளைப் பின்னணி எல்லா வெளிச்சத்தையும் ஏதோ ஒரு வழியில் தந்துவிடுகிறது. சூரியன், தெருவிளக்கு, பலகை விளக்கு, ஹெட்லைட், அகச்சிவப்பு விளக்கு, எதுவாக இருந்தாலும் கறுப்பு கறுப்புதான், வெள்ளை வெள்ளைதான். ஒன்று கூட்டுவதை மற்றொன்று கழிப்பதில்லை.

அப்படியானால் தேசிய நெடுஞ்சாலையில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர்கள் ராத்திரியில் பளிச்சென்று தெரிகின்றனவே என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானது. அங்கே எழுத்தும் ஒளி திருப்பும் படலத்தால் ஆனது. எழுத்து 70, பின்னணி 9. இரண்டும் ஒரே விதமாக நடந்துகொள்வதால் வரிசை மாறுவதில்லை. அடர்நிறத்துக்குத் தண்டனை தேவையில்லை; எழுத்துக்கும் அதே வசதியைச் செய்து கொடுத்தால் போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்காவில் அத்தகைய பச்சைப் பலகைகளுக்கும் ஒரு வம்பு வந்தது. படலங்களின் தரம் கூடக் கூட எழுத்து அளவுக்கு மீறி ஜொலித்து, தன்னைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் போட்டுக்கொண்டது. வயதான ஓட்டுநர்களுக்கு 'இ', 'ஏ' போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைபட்டது. டான் மீக்கரும் ஜேம்ஸ் மான்டல்பானோவும் உள்வெளிகளை அகலமாக்கி கிளியர்வியூ என்ற எழுத்துருவை உருவாக்கினார்கள். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் அதை 2004-ல் அனுமதித்தது. 2016-ல் திரும்பப் பெற்றது. 2018-ல் மறுபடி கொடுத்தது. அடர்நிறத்தில் வெளிர் எழுத்துக்கு உதவிய அந்த வடிவம், வெளிர்நிறத்தில் கறுப்பு எழுத்துக்கு உதவவில்லை என்பது திரும்பப் பெற்றதற்கான வாதங்களில் ஒன்று. பலகையின் நிறத்தைப் புரட்டிப் போட்டால் எழுத்தின் உடம்பையும் மாற்ற வேண்டும் என்ற பாடம் சாலைப் பலகைக்காரர்களுக்கு அப்படிக் கிடைத்தது. நம்பர் பிளேட் விதிகளை எழுதுகிறவர்கள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி கேமரா.

வண்டி எண்ணைத் தானே படிக்கும் கேமராக்களில் ஏராளமானவை மனிதக் கண் பார்க்கும் ஒளியில் வேலை செய்வதில்லை. 850 நானோமீட்டர் அல்லது அதற்கு அருகிலுள்ள அகச்சிவப்பு விளக்குகளை லென்ஸைச் சுற்றியே பொருத்தியிருப்பார்கள். ஓட்டுநரின் கண் கூசாது. விளக்கும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் கோணம் மிகக் குறுகல், படலம் முழு வீச்சில் திருப்பித் தரும். சுற்றிலும் இருட்டாக, நடுவில் நம்பர் பிளேட் மட்டும் வெள்ளைச் சதுரமாக விழும். கணினிக்கு இதைவிட வசதியான படம் கிடையாது.

அகச்சிவப்பில் நிறம் என்பதே இல்லை. அங்கே இருப்பது உறிஞ்சுவது, உறிஞ்சாதது என்ற இரண்டே வகை. புகைக்கரியால் ஆன கறுப்பு மை அகச்சிவப்பையும் விழுங்கும். அதனால் கறுப்பாகவே பதிவாகும். ஆனால் நம் கண்ணுக்கு அடர்ந்து தெரியும் பெரும்பாலான சிவப்பு, நீல, பச்சைச் சாயங்கள் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி. பச்சைக்கும் நீலத்துக்கும் பரவலாகப் பயன்படும் தாலோசயனின் வகைச் சாயங்கள் சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, 800 நானோமீட்டருக்கு அப்பால் கையை விரித்துவிடும். பச்சைப் பலகை கேமராவின் படத்தில் வெள்ளைப் பலகையாகிவிடும்.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. எழுத்து மணியில்லாத வெறும் வெள்ளையாக இருந்தால், அகச்சிவப்புக் கேமராவுக்கு அது ஜொலிக்கும் பின்னணிமேல் கறுப்பு எழுத்தாகத் தெரியும். மனிதன் பச்சையில் வெள்ளை என்று படிக்கும் அதே எண்ணைக் கேமரா வெள்ளையில் கறுப்பு என்று படித்துவிட்டுப் போய்விடும். மனிதக் கண்ணுக்கு உதவுவதற்காக நெடுஞ்சாலைப் பலகை போல எழுத்தையும் ஒளி திருப்பும் படலமாக்கினால், கேமராவுக்கு எழுத்தும் வெள்ளை, பின்னணியும் வெள்ளை. எண்ணே இல்லாத வெற்றுத் தகடு. கண்ணுக்குச் செய்த வைத்தியம் கேமராவுக்கு நோயாகிறது. இரண்டு பேருக்கும் ஒத்துவர வேண்டுமானால் பின்னணியின் பச்சையில் அகச்சிவப்பை விழுங்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். பச்சை என்று மட்டும் சொல்லும் விதி இதைக் கேட்பதில்லை.

கறுப்புப் பலகை இந்த விஷயத்தில் பச்சையைவிடத் தேவலை, ஏனென்றால் கரி எல்லா அலைநீளத்திலும் கரிதான். எழுத்து ஒளி திருப்பினால் கறுப்புப் பலகை கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒரே படத்தைத்தான் காட்டும். திருப்பாவிட்டால்தான் தொல்லை. மலேசியாவின் பழைய பாணிக் கறுப்புப் பலகையில் வெறும் வெள்ளை எழுத்து மட்டும் இருந்தால், ஜொலிக்கும் பலகைகளுக்கென்று அமைத்த கேமராவில் அது இருட்டில் இருட்டாகவே விழும். வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கவும் முடியாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் நகர்கிறது. ஐந்நூறில் ஒரு நொடி திறந்திருந்தாலே 40 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்; எழுத்துக் கோட்டின் தடிமனோ 10 மில்லிமீட்டர். வண்டி நேராகக் கேமராவை நோக்கி வந்தால் அத்தனையும் படத்தில் இழுபடாது, பக்கவாட்டில் போனால் இழுபடும்.

அடர்நிறப் பலகையைக் கேமராவால் படிக்கவே முடியாது என்று யாராவது சாதித்தால், சீனாவைக் காட்டலாம். அங்கே பெட்ரோல் கார்களுக்கு நீலப் பலகை, வெள்ளை எழுத்து. சாலைக் கேமராக்கள் அந்த எண்களைப் படித்துத்தான் அபராதம் அனுப்புகின்றன. அங்கே சந்திப்புகளில் வெள்ளை ஃபிளாஷ் அடித்து வண்ணப் படம் எடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. நீலம் நீலமாகவே பதிவாகிறது. விலை என்னவென்றால், ராத்திரியில் அந்தச் சந்திப்புகளைக் கடக்கும் ஓட்டுநர்களின் கண்ணில் மின்னல் வெட்டும். சீனாவும் 2016 இறுதியில் மின்சார வண்டிகளுக்குப் பச்சையைத் தேர்ந்தெடுத்தது. கார்களுக்கு அவர்கள் செய்தது வெள்ளையிலிருந்து படிப்படியாக இளம்பச்சைக்கு இறங்கும் பின்னணி. அதன்மேல் எழுத்து கறுப்பு. பச்சை என்ற அடையாளமும் கிடைத்தது, கறுப்பு எழுத்தின் பலமும் கைவிட்டுப் போகவில்லை. பிரிட்டன் இன்னும் சிக்கனம்: 2020 டிசம்பர் முதல் அதே வெள்ளை, மஞ்சள் பலகையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவே மக்கள் அடர்நிறத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதும் உண்மை. கலிஃபோர்னியா 1960-களின் கறுப்பில் மஞ்சள் எழுத்துப் பலகையை மறுபடி கொண்டுவர, 7,500 பேர் முன்பதிவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கூட்டம் சேர்ந்தது, பலகை திரும்பி வந்தது. அயோவா மாநிலம் 2019-ல் முழுக் கறுப்புப் பலகையை விற்கத் தொடங்கியது, மினசோட்டா 2024-ல். கறுப்புக் காருக்குக் கறுப்புப் பலகை எடுப்பாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிரிட்டனில் பழைய கறுப்புப் பலகை ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள்: 1980 ஜனவரி 1-க்கு முன் தயாரான வண்டிக்கு மட்டும்.

கறுப்புப் பலகை வாங்காமலேயே இருக்கிற பலகையைக் கறுப்பாக்கிக்கொள்ளும் வழி ஒன்று நம் ஊர்க் கடைகளில் தொங்குகிறது. புகைநிறப் பிளாஸ்டிக் மூடி. பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் மூடி என்றால் பாதி மிஞ்சுகிறதே என்று நினைக்கத் தோன்றும். ஹெட்லைட் ஒளி அந்த மூடியை உள்ளே போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை கடக்கிறது. மிஞ்சுவது கால் பங்கு. முப்பது சதவீதம் மட்டுமே விடும் மூடியென்றால் மிஞ்சுவது ஒன்பது சதவீதம். வெள்ளைப் படலமே பச்சைப் படலத்தின் நிலைக்கு இறங்கிவிடும். பிரிட்டனில் பலகையை மறைத்தாலோ திரித்தாலோ ஆயிரம் பவுண்டு வரை அபராதம். எழுத்துக்கு நிழல் கொடுத்து முப்பரிமாணம்போல் காட்டும் இரட்டைச் சாயக் கறுப்பைக்கூட 2021 செப்டம்பர் முதல் அமலான புதிய தரநிலை அங்கே ஒழித்துவிட்டது. எழுத்து ஒரே அடர்கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இந்திய விதிகளில் பச்சையைவிட யோசிக்க வைப்பது இன்னொரு பலகை. தற்காலிகப் பதிவுக்கு மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து என்று 2020 ஜூலையில் தெளிவுபடுத்தினார்கள். அடர்நிறப் பலகையே இல்லை இது. பார்த்தால் பளிச்சென்று இருக்கும். சாதாரணச் சிவப்புச் சாயம் என்றால் அகச்சிவப்புக் கேமராவில் அந்த எழுத்து காணாமல் போகும். மஞ்சளும் வெள்ளை, சிவப்பும் வெள்ளை. ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கிய வண்டி, கேமராவின் முன்னால் பெயரில்லாமல் போகும். சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்திலோ மனிதக் கண்ணுக்கும் அந்தச் சிவப்பு பழுப்பாக மங்கும்.

இதையெல்லாம் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ராத்திரியில் நிறுத்தி வைத்திருக்கும் மின்சார ஸ்கூட்டரின் பின்னால் பதினைந்து இருபதடி தள்ளி நின்று, ஒரு டார்ச்சை முதலில் கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்து அடிக்க வேண்டும். பிறகு அதே டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டி வைத்து அடிக்க வேண்டும். முதல் முறை வெள்ளையாக இருந்த எழுத்து இரண்டாம் முறை கறுத்துப் பின்னணி ஒளிர்ந்தால், அந்தப் பலகையில் எழுத்துக்கு மணி இல்லை. இரண்டு முறையும் எழுத்தே பிரகாசமாக இருந்தால், செய்தவர் எழுத்துக்கும் படலம் கொடுத்திருக்கிறார், அல்லது பின்னணியே ஒளி திருப்பாத போலித் தகடு. கேமராவின் பார்வை வேண்டுமென்றால், அகச்சிவப்பு விளக்கோடு வரும் சிசிடிவி உள்ள வீட்டு வாசலில் அந்த ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் இரண்டு மணிப் பதிவை ஓடவிட்டு, எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.